ஒரு காமெராவும் இரண்டு இருதயங்களும்

என் கணவருக்கு நெஞ்சு நொந்தது ஒரு பிறந்தநாள் விழாவில், இரண்டாம் முறை ஆட்டிறைச்சிக் கறி போட்டுக்கொண்ட பிறகு. மாலைக்குள் அந்த நோவின் செய்தி தென்லண்டன் சட்டனில் இருக்கும் அவருடைய அக்காவுக்கும், பாரிஸில் இருக்கும் தம்பிக்கும், கோயில் நிர்வாக சபைக்கும் போய்விட்டது. மறுநாள் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார இடமில்லை. எல்லோரும் பழங்களோடு வந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு வருடமாக நெஞ்சு நொந்துகொண்டுதான் இருந்தது. உடுப்புக் கூடையோடு மாடி ஏறினால் ஓர் இறுக்கம் பிடித்துக் கழுத்து, தாடை, நாடி வரை இழுக்கும். குடும்ப வைத்தியர் என் வயதைப் பார்த்துவிட்டு, மாதவிடாய் நிற்கிற காலம் என்றார். நெஞ்செரிவுக்குக் குளிசை தந்தார். மச்சாள், அதாவது கணவருடைய அக்கா, "கனக்க யோசிக்காதை" என்றார். கணவர் இஞ்சித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். அதையும் நானே போட்டுக் குடிக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கியது. ஒருவரும் பழம் கொண்டுவரவில்லை.

அவருக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கான் ஒழுங்கானது. கதிர்வீச்சு உள்ள மருந்தைச் சிறிதளவு இரத்தத்தில் ஏற்றி, இருதயம் பாடுபடும்போதும் ஓய்வாக இருக்கும்போதும் அதன் தசைக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று படம் பிடிப்பார்களாம். முதல்நாள் முழுக்கத் தேத்தண்ணி, கோப்பி, சொக்கலேட் கூடாது. கந்தசஷ்டி விரதத்திலேயே பகலில் பலகாரம் தேடுகிற மனிதர், தேத்தண்ணி இல்லாத அந்த ஒரு நாளில் தியாகியாகிவிட்டார்.

மொழிபெயர்க்க நானும் உள்ளே வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பின்பக்கத்து வேலிக்காகக் கவுன்சிலோடு ஆங்கிலத்தில் சண்டை பிடித்து வென்றவர் அவர். உள்ளே போனால் டொக்டர் தமிழ்நாட்டுப் பெண். என் மகளின் வயதுதான் இருக்கும்.

முழங்கால் நோவால் அவருக்கு ட்ரெட்மில்லின் ஓடும் பட்டியில் நடக்க ஏலாது. அதனால் மருந்து கொடுத்தே இருதயத்தை வேலை வாங்கப் போவதாக டொக்டர் சொன்னார். "கொஞ்சம் மூச்சு வாங்கும் சார், நெஞ்சு இறுக்கமா இருக்கும். சில நிமிஷத்துல சரியாயிடும். பயப்படாதீங்க."

மருந்து ஏறியது.

"ஐயோ! நெஞ்சிலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு! நாடியும் இழுக்குது! பிள்ளையளுக்கு ஃபோன் அடியும்!"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகத்தான் சொன்னேன். "இது ஒண்டுமில்லையப்பா. உடுப்புக் கூடையோடை மேலை போகேக்கை எனக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் வாறது. நிண்டால் போயிடும்."

டொக்டர் திரும்பினார். "என்னம்மா சொன்னீங்க?"

"அவவுக்கு அது காஸ், வெறும் வாய்வு," என்றார் கணவர். சாகிற நேரத்திலும் என் வியாதி என்னவென்று தீர்மானிக்க அவருக்கு மூச்சு மிச்சமிருந்தது.

"சார், பேசாதீங்க. ஈசிஜி ஆடுது." பிறகு என்னிடம், "நடந்தா வருது, நின்னா போயிடுது, அப்படித்தானே? நாளைக்கே உங்க டாக்டரைப் பாருங்க. காஸ்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சும்மா இருக்கும்போது வந்தா உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்.

கணவரின் ஸ்கானில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். ஃபோன் எடுத்தவர்களிடம் எல்லாம், "இப்போதைக்கு ஒண்டுமில்லையாம்" என்றார், 'இப்போதைக்கு' என்பதை நன்றாக அழுத்தி.

குடும்ப வைத்தியரை விடாமல் பிடித்து எழுதுவித்து, ஸ்கானுக்கு என்னுடைய முறை வந்தபோது அவருக்குக் கோயிலில் கூட்டம். நான் பஸ்ஸில் போனேன். கைகளைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். காமெரா என்னை மெல்லச் சுற்றியது. பட்டப்பகலில், ஒருவரும் எதுவும் கேட்காமல், இதற்கு முன் இவ்வளவு நேரம் படுத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. எழும்ப மனம் வரவில்லை.

பிறகு இருதய நிபுணர் படங்களைக் காட்டினார். ஓய்வில் எடுத்த படத்தில் இருதயம் முழுவதும் வெளிச்சமாக இருந்தது. பாடுபடும்போது எடுத்ததில் முன்பக்கம் இருண்டு கிடந்தது. அந்தப் பக்கத்து இரத்தக்குழாய் ஒடுங்கியிருந்தது. சில நாட்களில் அதைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

கண் சிவந்துபோய்க் கட்டிலருகே கணவர் இருந்தார். "நான் காஸ் எண்டெல்லோ நினைச்சனான்," என்றார். அவர் அழுதது உண்மை. எனக்கு வந்த கோபமும் உண்மை. நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே மச்சாள் ஃபோன் எடுத்தார். "ஐயோ பிள்ளை, இனித் தம்பிக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?"

"மச்சாள், உங்கடை தம்பிக்கு இருதயத்திலை ஒரு பிழையும் இல்லையாம். படமெல்லாம் எடுத்துப் பாத்தவை. வடிவாச் சமைப்பார்."

அது கணவருக்கும் கேட்டிருக்க வேண்டும். குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டினார். பிறகு எட்டிப் பார்த்து, "அரிசி எங்கையப்பா வைக்கிறனீர்?" என்றார்.

"தேடிப் பாருங்கோ."

அன்றைய சோறு குழைந்திருந்தது. பருப்பில் உப்பே இல்லை. மனைவியின் இருதயத்துக்காகத் தானே உப்பைக் குறைத்துச் சமைப்பதாகக் கோயிலில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.