சம்பந்தி அம்மாவுக்கு ஒரு முன் இருக்கை

போன ஆவணியில் நடந்தது இது. லண்டனில் இருக்கும் என் மகளும் மருமகனும் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். குடிபூரலுக்கு வரச்சொல்லி இரண்டு அம்மாமாருக்கும் பயணச்சீட்டு அனுப்பினார்கள். ஒரு அம்மா நான், திருகோணமலை லிங்கநகர். மற்ற அம்மா மருமகனின் தாய், இறக்கக்கண்டி. பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனாலும் கலியாணம் முடிந்த இந்த நாலு வருடத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்ததை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அதற்குக் காரணம் நான்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கரைவலை இழுக்கும் வீட்டுப் பையனை மகள் விரும்புகிறாள் என்று தெரிந்தபோது, அந்தக் கலியாணத்தை மூன்று வருடம் இழுத்தடித்தேன். பிறகு பிள்ளையின் பிடிவாதத்துக்குத் தலையாட்டினேன். சம்பந்தி அம்மா என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவரோ என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார், அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற சனம் கூப்பிட்ட மாதிரியே.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். என் மூத்த மகன் கனடாவில். அவனிடம் நாலைந்து தரம் போய் வந்ததில் விமானக் கம்பனியில் என் பெயரில் பொயிண்ட்ஸ் சேர்ந்து கிடந்தது. எனக்கு நீண்ட நாளாக நாரிப்பிடிப்பு, இடுப்பு வலி. அதனால் மகள் அந்தப் பொயிண்ட்ஸைக் கொடுத்து என் இருக்கையை மட்டும் பிசினஸ் கிளாஸுக்கு மாற்றிவிட்டாள். இரண்டு பேருக்கு மாற்ற அது காணாது. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகும் சந்தோசத்தில் லிங்கநகரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். சம்பந்தி அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. முதல் தரம் விமானம் ஏறுகிறவரைப் பின்னால் தனியே விட்டுவிட்டு நான் முன்னால் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? விமான வாசலில் வைத்து, "அவங்களா என்னை முன்னுக்குப் போட்டிட்டாங்கள், அக்கா" என்று சமாளிக்கலாம் என்று இருந்தேன்.

பயணத்துக்கு முதல் நாள் ஒரு வான் வண்டியில் புறப்பட்டு, பின்னேரம் நீர்கொழும்பில் எங்கள் உறவுக்காரர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். விமானம் மறுநாள் மத்தியானம். காலையில் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது சம்பந்தி அம்மா கட்டில் விளிம்பில் இருந்து, வலது காலைச் செருப்புக்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் பலாக்காய் மாதிரி உப்பியிருந்தது. கண்ணில் தண்ணீர்.

இரண்டு வருடத்துக்கு முன் நிலாவெளி ரோட்டில் ஒரு ஆட்டோ அடித்து, அந்தக் காலுக்குள் தகடு வைத்திருந்தார்கள். நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மகன் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்ற பயத்தில், அவனுக்குச் சின்னக் காயம் என்று மட்டும் சொல்லி, என்னையும் சொல்லவிடாமல் மறைத்துவிட்டார். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் கதிரையில் இருந்தே கதைப்பாராம். பிறகு நடமாடத் தொடங்கினதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நடக்கும்போது ஒன்றும் இல்லை, கனநேரம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தால்தான் இப்படி வீங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வான் வண்டியில் இருந்த ஏழு மணித்தியாலத்துக்கே இந்தக் கோலம் என்றால் விமானத்தில் பதினொரு மணித்தியாலத்துக்கு என்ன ஆகும்?

"மிஸ், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தார். "மகன் லண்டனுக்கு வெளிக்கிடேக்க நான் கரையில நிண்டு வலை இழுத்துக்கொண்டு இருந்தனான். இப்ப என்னைக் காணேக்கையும் நான் நடந்துதான் வரவேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்."

இதைக் கேட்டதும் என் இருக்கையைத் தூக்கிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் வழக்கு நடந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானம், எனக்கும்தானே நாரி ஏலாது, அது நான் அலைந்து சேர்த்த பொயிண்ட்ஸ், பத்து வருடத்தில் ஒருமுறை கிடைக்கிற சொகுசு என்று ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டே போனேன். மற்றப் பக்கத்தில் அந்த வீங்கின கால் மட்டும்தான். வரிசையில் நிற்கும்போதுகூட நான் முடிவெடுக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. குனிந்து என் கைப்பையை எடுக்கப் போனேன், பை அங்கே இல்லை. அது சம்பந்தி அம்மாவின் தோளில் தொங்கியது. அவருடைய பை மற்றத் தோளில்.

"உங்களுக்கு நாரிப்பிடிப்பெண்டு மருமகள் சொன்னவ. பாரம் தூக்காதேங்கோ" என்றார். நொண்டாமல் நடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே நடந்த வழக்கு அந்த இடத்திலேயே தள்ளுபடியாகிவிட்டது.

கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் என் இருக்கையை இவருக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். நல்ல பிள்ளை. ஆனால் பொயிண்ட்ஸில் எடுத்த இருக்கையைக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்கலாம் என்றாள். கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரம். சம்பந்திக்கு அதில் இடம் இல்லை. மகளின் புருசனின் தாய் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். பாவம், அவள் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு உறவுக்கு இதில் இடம் இல்லையே மேடம்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. முப்பது வருடமாக நான் சனத்துக்குச் சொன்ன வசனம் அது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை, போய் வாருங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! எழுதினதெல்லாம் விதிப்படிதான். ஆனால் திரும்பிப் போகிறவர்களின் முகத்தை அப்போது நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

என்ன செய்வது? வாழ்க்கையில் ஒரு பொய்ப் பதிவு எழுதாத நான், "சகோதரம் என்று போடுங்கள். இவ என் சொந்த அக்கா" என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. இரண்டு கடவுச்சீட்டும் அவள் கையில்தான் இருந்தன. என் தகப்பன் பெயர் ஒன்று, அவருடைய தகப்பன் பெயர் வேறொன்று. அவள் எழும்பிப் போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தாள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர், சிங்களவர், தமிழும் தெரிந்திருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே சம்பந்தி அம்மாவைப் பார்த்து, இந்த அம்மா உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் நான் சொன்ன பொய் ஒன்றும் விளங்காத சம்பந்தி அம்மா, "என்ர மகன்ர மனிசிட தாய்" என்று பளிச்சென்று சொன்னார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். பயணமே நின்றுவிடுமோ என்று நினைத்தேன். அந்த மனிதர் இரண்டு கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல சீட் கேட்டுப் பொய் சொல்லுற ஆக்களை ஒவ்வொரு நாளும் காணுறன். நல்ல சீட்டைக் குடுக்கிறதுக்குப் பொய் சொன்ன ஆளை இண்டைக்குத்தான் கண்டனான்" என்றார். தனக்கும் இரண்டு சம்பந்திகள் இருக்கிறார்கள், இருவருக்கும் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தான் விட்டுக்கொடுத்ததில்லை என்றார். தன் அதிகாரத்தில் செய்யக்கூடியதுதான் என்று சொல்லி ஏதோ தட்டினார். புதிய இருக்கை எண்ணோடு சீட்டு வந்துவிட்டது. கால் ஏலாதென்றால் சக்கர நாற்காலியும் தரலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். சம்பந்தி அம்மா பாம்பைக் கண்டவர் மாதிரிப் பின்னால் போனார்.

முன் இருக்கைக்கு அவரைச் சம்மதிக்கவைப்பது அதைவிடப் பெரும்பாடு. "வேண்டாம், அது உங்கட இடம்" என்று ஒரே பிடி. கடைசியில் நான், "அக்கா, நடந்து வரவேணுமெண்டால் படுத்துத்தான் போகவேணும்" என்றேன். அதற்குப் பிறகுதான் சீட்டைக் கையில் வாங்கினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பார்சலை மட்டும் பாதியாகப் பிரித்து எனக்குத் தந்தார். பிட்டும் சூடை மீன் பொரியலும். விமானத்தில் எல்லாம் தருவார்கள், மீன் மணக்க மணக்க வந்து என் மானத்தை வாங்காதீர்கள் என்று லிங்கநகரிலேயே சொல்லியிருந்தேன். யார் கேட்டது?

விமானத்தில் பின்னால் இரண்டு ஆட்டுக்கடா மாதிரிப் பொடியன்களுக்கு நடுவில் நான். சம்பந்தி அம்மா முன்னால், திரைக்கு அப்பால். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தெரியுமோ, மலசலகூடக் கதவு தெரியுமோ, பயந்து அழுகிறாரோ என்று எனக்கு ஒரு படமும் பார்க்க ஏலவில்லை. பசித்தபோது பிட்டுப் பார்சலைத் திறந்தேன். மணத்துக்கு இரண்டு பொடியன்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு சூடை கொடுத்தேன், அதோடு சிநேகிதமாகிவிட்டோம்.

பாதி வழியில் ஒரு பணிப்பெண் வந்து, முன்னால் இருக்கும் அம்மா உங்களைக் கேட்டு நிற்கிறார், அவர் சொல்வது எங்களுக்கு விளங்கவில்லை, கொஞ்சம் வாருங்கள் என்றாள். விழுந்தடித்துக்கொண்டு எழும்பினேன். திரையை விலக்கிக்கொண்டு போனால், சம்பந்தி அம்மா வெள்ளைப் போர்வை போர்த்தி, காலைத் தலையணையில் ஏற்றிவைத்து, மகாராணி மாதிரிச் சாய்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பிட்டைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"இஞ்ச பாருங்கோ மிஸ், பாருங்கோ!" என்று ஒரு பொத்தானை அமத்தினார். கட்டில் கதிரையானது. மற்றதை அமத்தினார். கதிரை கட்டிலானது. திரும்பவும் அமத்தினார். நாலு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் கண்டதில்லை. அன்றைக்குத் தோள் குலுங்கச் சிரித்தார், நானும் சிரித்தேன், பிட்டுக் கிழவரும் சேர்ந்து சிரித்தார். கால் வீக்கம் பாதிக்குமேல் வற்றியிருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்ட காரணம் பொத்தான் இல்லை. மீதிப் பயணத்துக்கு நான் அங்கே இருக்கவேண்டும், அவர் பின்னால் போவார். அதைத்தான் அரை மணித்தியாலமாகக் கையாலும் கண்ணாலும் பணிப்பெண்ணுக்கு விளங்கப்படுத்தப் பார்த்திருக்கிறார்.

"எங்கட கரையில வலைக்கயித்தில சும்மா கை வச்ச ஆளுக்கும் பங்கு குடுக்காமல் மீன் கரையை விட்டுப் போகாது. இது முழுக்க உங்கட மீன். நான் மட்டும் திண்டால் செமிக்குமோ?" என்றார்.

அப்போதுதான் எனக்கு மனம் உடைந்தது. இந்த இருக்கையை எனக்கென்று எடுத்து வைத்ததையும், அவரைப் பின்னால் விட்டுப் போக இருந்ததையும், வாசலில் சொல்லத் தயார்பண்ணின பொய்யையும் அப்படியே சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஊரில இருக்கேக்கயே மகன் சொன்னவன். உங்கட பொயிண்ட்ஸ், உங்கட நாரி. அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

தெரிந்துகொண்டுதான் என் பையையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். இருக்கை மாற ஏலாது என்று பணிப்பெண் சொன்னாள், நானும் மாற மாட்டேன் என்றேன். ஆனால் ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் மட்டும் அவர் கால்மாட்டில் இருக்க விட்டாள். நான் எழும்பும்போது, விமானத்தில் தனக்குத் தந்த சின்னப் பையைத் திறந்து பங்கு பிரித்தார். பூசுகிற கிறீம் எனக்கு, பற்பசை அவருக்கு. காலுறைச் சோடியையும் நான்தான் வாங்கவேண்டி வந்தது, பின்னால் குளிருமாம்.

பதினொரு மணித்தியாலம் மடங்கி இருந்த பலனை லண்டனில் இறங்கும்போது கண்டேன். எழும்பப் பார்த்தேன், நாரி பிடித்துக்கொண்டது. நிமிரவும் ஏலாது, குனியவும் ஏலாது. அந்த இரண்டு பொடியன்களும் கைத்தாங்கலாக வாசல் வரைக்கும் கொண்டுவந்து, அங்கே நின்ற சக்கர நாற்காலியில் என்னை இருத்தினார்கள். சம்பந்தி அம்மா இரண்டு கைப்பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். எனக்கு முன்னால் நடந்தார், நொண்டாமல், நிமிர்ந்து.

வெளிவாசலில் மருமகன் நின்றான். நாலு வருடத்துக்குப் பிறகு தாயைக் காண்கிறான். ஆம்பிளைப் பிள்ளை, அத்தனை சனத்துக்கு நடுவில் "அம்மா!" என்று கத்திக்கொண்டு தடுப்புக்குக் கீழால் புகுந்து ஓடி வந்தான். அவர் நிற்கவில்லை, மகனை நோக்கி நடந்துகொண்டே இருந்தார். என் மகளோ என்னைக் கண்டு திகைத்துப்போய், "அம்மா, நீங்கள்தானே படுத்துக்கொண்டு வந்தனீங்கள்? என்ன நடந்தது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை, சிரிக்கச் சிரிக்க நாரி வேறு நொந்தது.

எத்தனையோ இடங்களில் முன் வரிசைக்கு ஆசைப்பட்டு முண்டியடித்திருக்கிறேன். ஆனால் ஒரு தாய் தன் மகனிடம் நடந்து போனதைச் சக்கர நாற்காலியில் பின்னால் இருந்து பார்த்தேனே, அதைவிட நல்ல இடம் எனக்கு இன்றைக்கு வரைக்கும் கிடைத்ததில்லை.