எஞ்சின் மூச்சுவிடும் வழி

என் அண்ணனுக்கு இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை கிடையாது. வலது கண்ணிலும் புரை விழுந்து அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. "புகை, தூசி எதுவும் அண்டக் கூடாதும்மா, இருக்கிறது ஒண்ணுதான்" என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது போல.

எங்களிடம் கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் லாரி ஒன்று இருக்கிறது. சைதாப்பேட்டை ஷெட்டில் நிற்கும். அந்தக் காலத்துக் கதை எடுக்கிற சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். கூடவே நாங்களும் போவோம். ஓட்டுவது நான், ரிப்பேர் பார்ப்பது இரண்டு பேரும்.

பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி. எரிந்த புகை எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கி, கீழே திறந்து கிடக்கிற ஒரு குழாய் வழியாக வெளியே வரும். ஓடும்போது தெரியாது. நிறுத்தினால் போதும், மொத்தமும் கேபினுக்குள் ஏறிவிடும். மயிலாப்பூரில் முதல் நாள் ஷூட்டிங்கில் பானட்டைத் திறந்து வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணனுக்குக் கண் சிவந்து தண்ணீராக ஊற்றியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஷூட்டிங் இல்லை. புதுப்பேட்டைக்குப் போய் ஒரு வால்வு வாங்கி வந்தேன். கீழே இருந்த குழாயை அடைத்தேன். எஞ்சின் மேல்மூடியில் வால்வைப் பொருத்தி, அங்கிருந்து கார்புரேட்டரின் அடித்துளைக்கு ஒரு ரப்பர் ஹோஸ். எண்ணெய் ஊற்றும் மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்கு இன்னொரு ஹோஸ். ஒரு பக்கம் நல்ல காற்று உள்ளே போகும்; மறுபக்கம் புகையை எஞ்சினே இழுத்து எரித்துவிடும். ஸ்டார்ட் செய்து வால்வின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். லபக்கென்று இழுத்தது.

"சூப்பரா கீது பாப்பா. பொகையே காணோம்" என்றான் அண்ணன். எனக்கு ஐம்பது வயது. இன்னும் பாப்பாதான்.

அதற்கடுத்த நாள் காலை அதே தெரு. வண்டியை விட்டுவிட்டு டிபனுக்குப் போனோம். திரும்பி வந்தபோது பானட் திறந்திருந்தது. "எஞ்சின் ஓடட்டும்க்கா, லைட் பார்க்கணும்" என்றார்கள். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். அவர்கள் லைட்டை இங்கே நகர்த்தி அங்கே நகர்த்தி, முடிகிற வழியாக இல்லை. வண்டியின் சத்தம் மாறுகிற மாதிரி இருந்தது. அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்பேனரோடு எஞ்சினுக்குள் குனிந்தான்.

"கண்ணாடிய போடுண்ணா!"

"இருட்டா கீது, ஒண்ணும் தெர்ல. இன்னா பாப்பா இது, ஹோஸ காணோம்?"

டப் என்று ஒரு சத்தம். எண்ணெய் அளக்கிற கம்பி தெறித்து பானட்டில் மோதியது. அது இருந்த இடத்திலிருந்து சூடான கறுப்பு எண்ணெய் பீறிட்டு அண்ணன் முகத்தில் அடித்தது.

எப்படிக் குதித்தேன், யார் எஞ்சினை நிறுத்தினார்கள், ஒன்றும் ஞாபகமில்லை. எதிர்வீட்டுப் படியில் அவனை உட்கார வைத்திருந்தோம். அந்த வீட்டு மாமி சொம்போடு ஓடி வந்தார்.

"தேய்க்காதேங்கோ! ஜலத்தை விட்டுண்டே இருங்கோ!"

விட்டோம். முகம் கறுப்பாகவே இருந்தது. "தெறக்க முடியல பாப்பா" என்றான். அவன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. மாமி ஈரத்துணியைக் கண்மேல் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் எடுத்து வர ஷூட்டிங் ஆட்கள் ஓடினார்கள்.

நான் வண்டியிடம் போனேன். இரண்டு ஹோஸும் இல்லை, வால்வும் இல்லை. மேல்மூடி, எண்ணெய் மூடி, கார்புரேட்டர், எல்லாத் துளையிலும் மரத்தக்கை. செதுக்கி, இறுக்கி அடித்து, மேலே எஞ்சின் கலரிலேயே பெயின்ட் வேறு. அடப்பாவிகளா! கீழ்க் குழாயை நானே அடைத்திருந்தேன்; உள்ளே சேர்ந்த புகை எங்கேதான் போகும்?

ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் பக்கத்தில் வந்தான். தாடி வைத்த வளர்ந்த ஆள்.

"மொத நாள் ஷாட்ல அந்த ட்யூப் இல்லக்கா. கன்டின்யூட்டி அடிவாங்கும். அதான் கழட்டிட்டு நீட்டா அடைச்சு விட்டேன்."

நான் பாராட்டுவேன் என்று நினைத்திருப்பான் போல. என் கை மேலே போனது.

"பாப்பா, கைய எறக்கு."

பின்னாலிருந்து அண்ணன் குரல். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கை ஓங்கியது இவனுக்கு எப்படித் தெரியும்?

திரும்பினேன். ஈரத்துணி அவன் மடியில் கிடந்தது. கறுத்த முகத்தில் அந்த ஒற்றைக் கண் ரத்தச் சிவப்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்தக் கைண்ணா? சொல்லு, எந்தக் கை?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"சோத்துக் கை. அதுல ஸ்பேனர் கீது பாரு. மொதல்ல அத்த கீழ போடு."

அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன்.