ஒன்றுக்கு ஒன்று

2024 மே 19, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கொல்லிமலைப் பக்கம் இடி இடித்தது. நாமக்கல்லில் ஒரு சொட்டு விழவில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில், தகரக் கூரையின் கீழ் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே பட்டறைக்காரன், கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தபடி எனக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட இல்லாததா ஒன்னு குடுங்க, வாங்கிட்டுப் போங்க. நீங்க வெச்ச சட்டந்தானுங்க இது."

நான் வைத்ததுதான். ராக் இசை தொடங்கிய காலத்துக் கச்சேரிகளின் பதிவுகள் என்னிடம் 312 கேசட் உண்டு. கடையில் விற்கும் இசைத்தட்டு அல்ல. கூட்டத்தில் யாரோ ஒருவர் மடியில் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தவை. எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்குள் விற்பது கூடாது, வாங்குவது கூடாது, இணையத்தில் ஏற்றுவது கூடாது. ஒன்று கொடுத்தால் ஒன்று கிடைக்கும். இவனுக்கு இதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். முப்பது வருடத்தில் என் 312க்கும் நகல் எடுத்துவிட்டான். ஆகவே அவனிடம் இல்லாதது என்று என்னிடம் ஒன்றுகூட இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே பதிவு. 1973இல் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளூர்ப் பையன்கள் ஐந்து பேர் வாசித்தது. ஒன்பது பாட்டு, 52 நிமிடம். கேட்க வந்தவர்கள் 64 பேர். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் 11 பேர் எழுந்து போனார்கள். பதிவு செய்தது நானேதான். என் கேசட் பூசணம் பிடித்து நாடா ஒட்டிப்போனதால், உலகத்தில் மிச்சம் இவனிடம் இருக்கும் நகல் ஒன்றுதான்.

அந்தப் பதிவு வேண்டும் என்று என்னிடம் கேட்டவர், அன்று டிரம்ஸ் வாசித்தவர். பத்து நாள் முன்பு மல்லசமுத்திரத்திலிருந்து போன் செய்தார். இடது காது போய்விட்டதாம். வலதுக்கு டாக்டர் இரண்டு மாதம் கெடு சொல்லியிருக்கிறாராம். "கேக்கறதுக்கு ஒரு காது பாக்கி இருக்குதுங்க" என்றார்.

இதைப் பட்டறைக்காரனிடம் சொன்னேன். சிரித்தான்.

"அவர உங்க ஊட்டுக்கு வந்தப்ப வெறுங்கையோட அனுப்புனேன்னு நீங்கதானுங்களே பெருமையாச் சொன்னீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 1998இல் இதே பதிவைக் கேட்டு அவர் வந்தது உண்மை. மாற்றுக்கு என்ன கொண்டுவந்தீர்கள் என்று நான் கேட்டதும் உண்மை. "வாசிச்சதே நானுங்க. அதுக்கு மேல என்னத்தக் குடுக்கறது?" என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். பாதிக் காபியை வைத்துவிட்டுப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி நான் கண்டிப்பானவன் என்று பேர் வாங்கினேன். இந்த மடையன் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டான்!

கெஞ்சினேன். பணம் தருகிறேன் என்றேன்.

"காசா? சீச்சீ, என்னங்க நீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் பெங்களூர் போனேன். பழைய சாமான் வியாபாரி ஒருவனிடம், பட்டறைக்காரனிடம் இல்லாத கச்சேரி ஒன்று இருந்தது. சேகரிக்கத் தொடங்கிய நாற்பத்துநான்கு வருடத்தில் நான் விலை கொடுத்து வாங்கிய முதல் பதிவு. அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, முழுசாக 46 நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே அவன் கேட்டான்: "வாங்குனதில்லையே?" மாற்றியது என்று பொய் சொன்னேன். சேலத்துப் பதிவை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அவனைத் திட்ட வாயில் வந்ததை எல்லாம் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிக்கு மேல் என்மேலேயே விழுந்தது.

மல்லசமுத்திரத்தில், டிரம்ஸ்காரரின் மகள் வீட்டுக் கட்டிலில், புது ஹெட்போனை மாட்டி சத்தத்தை முழுக்க வைத்தோம். கட்டில் சட்டத்தில் அவர் விரல்கள் ஓடின. ஐந்தாவது பாட்டில் சட்டென்று நின்றன.

"இந்த எடத்துல ஒரு அடி உட்டுட்டேன்" என்று கத்தினார். காது கேட்காதவர்களுக்குத் தாங்கள் கத்துவது தெரியாது. "இந்தத் தப்பையா இத்தன வருசம் பூட்டி வெச்சிருந்தீங்க? சாமி, நல்ல ஆளுங்க நீங்க!"

பிறகு நான் இருப்பதையே மறந்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து வைக்கச் சொன்னார். மகள் ஆறு முறை வைத்தார்.

கேசட் 6,500. பெங்களூர் போய்வர 780. நாமக்கல் இரண்டு நடை 240. மல்லசமுத்திரம் 90. ஹெட்போன் 1,150. 1998இல் நாற்பது ரூபாய் வெற்றுக் கேசட்டில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு ஆன செலவு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.