எறும்புகள் ஓடிய பந்தயப் பாதை

கன்னியப்பன் வேலை பார்த்த தோல் தொழிற்சாலை மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அங்கே அவர் எலக்ட்ரீஷியன். உடன் வேலை பார்த்தவர்கள் ஆம்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பிரிந்து போனார்கள். அவர் மட்டும் ராணிப்பேட்டையிலேயே இருந்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தைத் தொடங்கினார். பிளைவுட் பலகையில் வளைவும் பாலமுமாகக் கார்ப் பந்தயப் பாதை ஒன்றைச் செய்தார்.

ஸ்லாட் கார் என்று அதற்குப் பெயர். பலகையில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதன் இரு பக்கமும் செம்புப் பட்டை ஓடும். உள்ளங்கை அளவுள்ள காரின் அடியில் இருக்கும் முள் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் பட்டையிலிருந்து மின்சாரம் ஏறிக் கார் பறக்கும். வேகம் கூடினால் வளைவில் தெறித்து விழும். கார் போகும்போது பட்டையில் நீலமாகப் பொறி பறக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

முத்துக்கடை அருகே அப்துல் வஹாபின் ஆட்டுத்தோல் குடோனுக்கு மேலே ஒரு கூடம் காலியாகக் கிடந்தது. தோல் வாடையைச் சொல்லி அதை யாரும் எடுக்கவில்லை. கன்னியப்பன் ஒரே பார்வையில் சம்மதித்தார்.

அவர் மனைவி கமலம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். அவள் பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"இத பாரு மாமா, தீபாவளி வரைக்கும் ஓட்டிப் பாரு. ஆள் வரலைன்னா ஸ்ரீபெரும்புதூர்ல செக்யூரிட்டி வேலைக்குப் போயிடணும். எங்க தம்பி சொல்லி வச்சிருக்கான்."

"அங்க பத்து பேரோட ஒரு ரூம்ல படுக்கணும் கமலம்."

"படு. இங்க பொம்ம கார் ஓட்டினு இருந்தா மட்டும் இன்னா?"

யூனிஃபார்ம் போட்டு ஒரு கேட்டின் முன்னால் நிற்பதை அவர் நினைத்துப் பார்த்திருந்தார். அதைவிட, மாதம் ஒருமுறை வீட்டுக்கு விருந்தாளி போல வந்து போவதை நினைத்துப் பார்த்திருந்தார்.

ஆட்கள் வந்தார்கள், ஆனால் கம்மி. அவர்களைவிடப் பூச்சிகள்தான் தவறாமல் வந்தன. குடோனிலிருந்து படியேறி வரும் கறுப்புத் தோல் வண்டு ஒன்று எப்போதும் இரண்டாவது வளைவிலேயே வந்து நிற்கும். முதலில் வரும் கார் அதில் மோதிக் குப்புற விழும். வண்டு ஒன்றும் ஆகாமல் நடந்து போய்விடும். பிள்ளைகள் அதற்குச் செக்போஸ்ட் ஏட்டு என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் வெட்டுக்கிளி ஒன்று ஓடும் காரின் மேல் உட்கார்ந்து இரண்டு சுற்று சவாரி செய்தது. "டிக்கெட் எடுத்தியா?" என்று அதனிடம் கேட்டார்கள். கன்னியப்பன் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு பூச்சியையும் பஞ்சுக் குச்சியால் தள்ளிவிட்டு, பட்டையைத் துடைத்துவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுப்பார்.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் இருந்த காலமெல்லாம் அன்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் அவர்தான். பந்தயப் பாதைக்கு மட்டும் வைக்காமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. கார்களுக்குப் பொட்டு வைத்தார். பாலத்துக்கு ஒரு முழம் சாமந்தி சுற்றினார். பொரியும் வெல்லத்தூளும் பொட்டுக்கடலையும் பலகை மேல் படைத்தார். பிறகு, லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் செய்வது போலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். பழம் காரின் உயரமே இருந்தது. நான்காக வெட்டி வைத்தார். கார் ஏறவில்லை. விசையை முழுவதும் அழுத்தினார். கார் பழத்துண்டின் மேல் ஏறி எகிறிச் சாமந்திக்குள் போய் விழுந்தது. எலுமிச்சைச் சாறு வெல்லத்தூளோடு கலந்து பள்ளத்துக்குள் இறங்கியது. அவர் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்.

அந்த வாரம் சனிக்கிழமை முதல் முறையாக ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கூடத்தைக் கேட்டிருந்தார்கள். கேட்டவர் ஹெப்சி, மருத்துவமனை நர்ஸ். அவர் மகளின் பள்ளித் தோழிகள் எல்லோரும் வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டால் பேச்சு நாலு வீட்டுக்குப் போகும், தீபாவளிக்குப் பிறகும் கூடம் தன் கையில் இருக்கும் என்று கன்னியப்பன் நம்பினார்.

அன்று மதியம் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பள்ளம் முழுக்கச் சிவப்பு எறும்பு. வெளியே சிதறாமல், ஒன்றை ஒன்று முந்தாமல், வளைவில் வேகம் குறைத்து, பாலத்தில் ஏறி இறங்கி, முடிவில்லாத பாதையில் அவை சுற்றிக்கொண்டே இருந்தன. அந்தப் பலகையில் அதுவரை ஒரு காரும் அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

பாதைக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் ஒரு கேனில் இருந்தது. அதைத் துணியில் நனைத்துப் பள்ளம் முழுக்கத் துடைத்தார். எறும்பு போயிற்று. ஜன்னல்கள் திறந்திருந்தன. மழை வந்து நின்றது.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து, முதல் பந்தயம் பாதி ஓடியபோது ஈசல் வந்தது. குழல் விளக்கைச் சுற்றிக்கொண்டு, இறகை உதிர்த்துவிட்டு, பாதை மேல் கொட்டியது. இறகுகள் மேல் ஏறிய கார்கள் சேற்றில் போவது போல வழுக்கின. நீலக் கார் ஒரு ஈசலை அடியில் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி நின்றது.

"அங்கிள், என் கார் வீட்டுக்குப் போறேங்குது."

"என்து மட்டும் இன்னா, றெக்க முளைச்சிடுச்சி பாரு."

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கன்னியப்பன் மின்சாரத்தை நிறுத்தினார். எல்லா ஜன்னலையும் சாத்தினார். வெல்லப் பிசினில் ஒட்டிய இறகுகள் துணிக்கு வரவில்லை. கேனில் மிச்சமிருந்த தின்னரைப் பள்ளத்தில் ஊற்றித் தேய்த்தார். "கண்ணு எரியுது அங்கிள்," என்றாள் ஒரு சிறுமி. "ஈசல் தூசும்மா. இதோ ஆயிடுச்சி," என்றார். கார்களை வரிசையில் வைத்துவிட்டு ஸ்விட்ச் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் ஹெப்சி டியூட்டி முடிந்து, கேக் பெட்டியோடு படியேறி வந்து கதவைத் திறந்தார்.

"அண்ணா, ஸ்விட்ச்ச போடாதீங்க."

"இன்னா மேடம்?"

"இன்னாவா? ரூம் முழுக்கத் தின்னர் வாசன. உங்களுக்குத் தெரியலையா?"

கன்னியப்பன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பள்ளத்தில் ஈரமாக மின்னுவதைப் பார்த்தார். அதன் இரு பக்கமும் பொறி பறக்கும் செம்புப் பட்டை. சாத்திய ஜன்னல்கள். விசையைப் பிடித்தபடி காத்திருக்கும் பிள்ளைகள். வாழ்நாள் முழுக்க மின்சார வேலை செய்தவருக்கு வேறு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வராந்தாவில் இருந்த மெயினை அணைத்துவிட்டு வந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பிள்ளைகளை ஹெப்சி கீழே கூட்டிப்போனார். கேக்கை வஹாபின் குடோன் வாசலில் வெட்டினார்கள். அங்கிருந்த விளக்குக்கும் ஈசல் வந்தது. இரண்டு கிரீமில் விழுந்தன. பிள்ளைகளுக்கு அதுவும் வேடிக்கைதான்.

கன்னியப்பன் கடைசியாக இறங்கி வந்து ஹெப்சியின் முன்னால் நின்றார்.

"எனக்கு மூக்கு வேல செய்யாதும்மா. கம்பெனியில இருக்கும்போதே போயிடுச்சி. ஆரு கிட்டயும் சொல்லல."

"டாக்டர் கிட்ட?"

"சொன்னா உடம்பு ஃபிட்டு இல்லன்னு வேலய விட்டு நிறுத்திடுவாங்கன்னு பயம்."

கணவனைக் கூட்டிப்போக வந்திருந்த கமலம் வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். கருவாட்டுக் குழம்பு வைத்த நாளெல்லாம் மூடியைத் திறந்து, வாசனை தெரு முனை வரைக்கும் வருகிறது என்று சொன்ன மனிதர் இவர். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வஹாப் எல்லோரும் போகும் வரை காத்திருந்தார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார்.

"தப்பா நினைக்காத கன்னியப்பா. கீழ தோலு, மேல பசங்க. மூக்கு இல்லாம நீ தனியா நடத்துறது சரிப்படாது."

"சரிதான் பாய்," என்றார் கன்னியப்பன். சாவியை எடுத்து நீட்டினார்.

"தனியா வாணாம்னா கூட ஆளு இருந்தா சரியா பாய்?" என்றாள் கமலம்.

வஹாப் திரும்பிப் பார்த்தார். "யாரு இருப்பாங்க?"

"எனக்கு ஞாயித்துக்கிழம லீவு."

"ஒரு நாள்ல இன்னாம்மா ஆகும்?"

"ஆகுறது ஆகட்டும். மத்த நாள்ல அவரு ஊருக்குள்ள ஒயரிங் வேல பாக்கட்டும். அதுக்கு கண்ணும் கையும் போதும்." பிறகு கணவனிடம், "ஸ்ரீபெரும்புதூர்ல ராத்திரி கேட்டுல தனியா நிக்கும்போது கேஸ் கசிஞ்சா உனக்கு ஆரு சொல்லுவா? நீ போவாத," என்றாள்.

கன்னியப்பன் சாவியை நீட்டியபடியே நின்றார். வஹாப் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

தீபாவளி போய்விட்டது. கூடம் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறது. தின்னர் கேன் அங்கே இல்லை. பட்டையை உலர்ந்த துணியால்தான் துடைக்கிறார்கள். ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. ஆனாலும் தோல் வண்டுகள் படியேறி வருகின்றன. பிள்ளைகள் விசையைப் பிடித்துத் தயாராக நிற்கும்போது கமலம் பாதையைச் சுற்றி ஒருமுறை நடப்பாள். வளைவுகளில் குனிந்து மூச்சை இழுப்பாள். கூடம் சத்தமின்றி இருக்கும். கன்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி ஸ்விட்ச் அருகில் நிற்பார்.

"போடு மாமா," என்பாள்.