மூச்சைப் பிடிச்சுக்கோங்க!

போன செவ்வாய்க்கிழமை, ஒரகடம் சாலையில் ஒரு ஸ்கேன் சென்டரில், ஐம்பத்து மூன்று வயதான நான் பரிசோதனையைப் பாதியில் விட்டு ஓடி வந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மூன்று வாரமாக எது சாப்பிட்டாலும் வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடி. இரண்டு வடை தின்ற அன்று வலி தோள்பட்டை வரை ஏறியது. அல்ட்ராசவுண்ட் பார்த்த டாக்டர், "பித்தப்பையில கல் இருக்கற மாதிரி தெரியுது. சுவரும் கொஞ்சம் தடிச்சிருக்கு. எதுக்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துடலாம்" என்றார்.

எதுக்கும்… அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வியாதிகளைக் கற்பனை செய்யலாம்? நான் புற்றுநோய் வரை போய்விட்டேன்.

வெறும் வயிற்றோடு போனேன். பசி முற்றினால் உடம்பு இறகு மாதிரி ஆகிவிடுகிறது. நாற்காலிகள், மனிதர்கள், கண்ணாடிக்கு வெளியே போகும் கன்டெய்னர் லாரிகள் — எல்லாமே தண்ணீருக்கு அடியில் அசைவதுபோல் இருந்தன. மிதந்துகொண்டே உள்ளே போய்ப் படுத்தேன். பலகை மெல்லக் குழாய்க்குள் நகர்ந்தது. கூரை மூக்கை நெருங்கியது. அவ்வளவுதான்… பயந்தால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினேன்.

வெளியே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். "இன்னாக்கா, பயந்துக்கினியா?"

மண்ணூர்க்காரி. பெயர் பிலோமினா. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தாள். அவளுக்கும் பித்தப்பை சந்தேகம்தான். டோக்கனில் எனக்கு அடுத்தவள்.

"தனியாவா வந்த?" என்றாள்.

"வீட்டுக்காரர் வெளியூர். அவர்கிட்ட இன்னும் சொல்லலம்மா."

"நான் வரேன்க்கா உள்ள. உன் காலைப் புடிச்சுக்கினு நிக்கிறேன். போதுமா?"

டெக்னீஷியன் தயங்கினார். அவள் உடம்புக்குள் கம்பி, பிளேட் என்று இரும்பு ஏதும் இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, பிறகு சம்மதித்தார். சிலுவைச் சங்கிலி, ஹேர்பின், இரும்பு முனை வைத்த ஷூ — எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

மறுபடி குழாய். கடகடவென்று சத்தம். "மூச்சை இழுங்க… பிடிச்சுக்கோங்க…" என்று ஹெட்போனில் குரல். பிலோமினா என் கால் கட்டைவிரலை அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சு நின்ற அந்தச் சில விநாடிகளில்… எப்படிச் சொல்வது? பயமும் கூடவே நின்றது. சத்தம் எங்கோ தூரத்தில் மழைபோலப் பெய்தது. உலகத்தில் எனக்கென்று மிச்சமிருந்தது ஒரு கட்டைவிரலும், அதைப் பிடித்திருந்த கதகதப்பான கையும்தான். நடுவில் தூங்கிக்கூட இருப்பேன்.

வெளியே வந்தோம். "பிலோமினா!" என்று கூப்பிட்டார்கள். அதுவரை தைரியசாலியாக இருந்தவள் என் முழங்கையைப் பற்றினாள்.

"அக்கா… எனக்கும் பயமாத்தான் கீது. நீயும் வர்றியா?"

சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட வளையல்களைத் திரும்பக் கழற்றினேன்.

ரிப்போர்ட் வந்தாயிற்று. எனக்கு வெறும் கல்; தடிப்பு அதனால் வந்த வீக்கம்தான். அடுத்த வாரம் ஆபரேஷன். பிலோமினாவின் பித்தப்பையில் ஒன்றுமில்லை. அல்சராக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். "நேரத்துக்குத் துன்னச் சொல்றாங்கக்கா. அத சூப்பர்வைசராண்ட யாரு சொல்றது?" என்று போனில் சிரித்தாள்.

அடுத்தவர் காலைப் பிடிப்பது கேவலம் என்று இதே பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்… வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்!