மணைப்பலகையில் இறங்கிய மகாலட்சுமி

போன வாரம் என் பேத்தி கூரியரில் ஒரு பலகை அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் மரத்தில் என் முகம். காகிதத்தை ஒட்டியதல்ல; மரத்தின் ரேகை என் நெற்றிச் சுருக்கத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. சின்ன வயதிலிருந்து என்னை மரமண்டை என்று சொல்லிவந்த நைனா இருந்திருந்தால், கடைசியில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள் பார் என்று சந்தோஷப்பட்டிருப்பார். நான் செய்த முதல் வேலை, பலகையைத் திருப்பி, இது சுவரில் மாட்டுவதா, ஆள் உட்காருவதா என்று பார்த்ததுதான். ஆணியில் மாட்ட வளையம் இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

பலகையில் புது வார்னிஷ் வாசனை. அது என்னை நேராகச் செஞ்சிக் கடைத்தெரு மரவாடிக்குள் கொண்டுபோய் விட்டது. அறுபதுகளின் நடுவில் அங்கே மரம் அளந்து போடுவது என் வேலை. அந்த வாசனை சட்டையில் ஏறினால் எந்தச் சவுக்காரத்துக்கும் அடங்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள், யாரோ புது நாற்காலி ஏற்றியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நான்தான் அந்த நாற்காலி.

ஒருநாள் பக்கோடா கட்டி வந்த பழைய வார இதழ்த் தாளில், அச்சடித்த படத்தை மரத்தில் இறக்கும் வித்தையைப் படித்தேன். பலகையில் வார்னிஷ் பூசி, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே படத்தைக் குப்புற ஒட்ட வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உருண்டு வந்துவிடும். மை மட்டும் மரத்தில் நிற்கும். கடைசி வரியை எண்ணெய்க் கறை தின்றுவிட்டிருந்தது. அதில் என்ன இருந்திருக்கும் என்பது, காலண்டர் முருகனைத் தேய்த்து முடித்தபோது தெரிந்தது. இடம் வலமாகி, முருகன் இடது கையால் எனக்கு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். இடது கையால் சோறு போட்டாலே எழுந்து போய்விடுகிற ஊர் எங்களுடையது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை சகுந்தலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஏழுமலை, மேல்மலையனூரில் தேங்காய்க் கடை வைத்திருந்தார். தாய் இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அத்தை. கல்யாண வேலைகளில் நைனா என்னை நம்பி ஒப்படைத்தது ஒன்றே ஒன்று: பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மணைப்பலகை இரண்டு. மரவாடிக்காரன் வீட்டில் மொட்டைப் பலகையா? ஜவுளிக்கடைக் காலண்டர் இரண்டைக் கெஞ்சி வாங்கினேன். இரண்டு கையாலும் பொற்காசு கொட்டுகிற மகாலட்சுமி. எந்தப் பக்கம் திரும்பினாலும் காசு கொட்டத்தானே போகிறது! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, விரல் தோல் உரியும்வரை மூன்று நாள் தேய்த்தேன். மரவாடியிலிருந்து எடுத்துவந்து, பழைய வேட்டியில் சுற்றி, உள் அறையில் வைத்தேன். சகுந்தலா என்னவென்று கேட்டாள். கல்யாணத்தன்றைக்குப் பார்த்துக்கொள் என்றுவிட்டேன்.

வீட்டு வாசலில் பந்தல். மாலை மாற்றி முடிந்து, மணையில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. நான் கொண்டுவந்து வைத்து வேட்டியை விலக்கினேன். பொய் சொல்லக்கூடாது, தகதகவென்று அழகாகத்தான் இருந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். எதற்கென்று தெரியாமலே மேளக்காரரும் நிறுத்தினார்.

மாப்பிள்ளையின் அத்தை குனிந்து பார்த்தார். "இன்னாப்பா இது? எங்க புள்ள மகாலட்சுமி தலைமேல குந்தணுமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. கிரீடத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், கையைப் பத்துத் தரம் பார்த்தேன். அது மனிதர் உட்காருகிற பலகை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

யாரோ பலகையைக் கவிழ்த்துப் போடச் சொன்னார்கள். சாமியைக் குப்புறப் படுக்க வைப்பாயா என்றார் அத்தை. இன்னொருவர் உளியால் சுரண்டிவிடலாம் என்றார். கல்யாணத்தன்றைக்கு லட்சுமி முகத்தைச் சுரண்டிய வீட்டை எங்காவது பார்த்திருக்கிறாயா என்றார் அத்தை. பக்கத்து வீட்டு மணை போன வாரம்தான் ஒரு கருமாதிக்குப் போய்வந்திருந்தது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் வெயில் பட்டுவிட்டது. முகூர்த்தம் தாண்ட அதிக நேரம் இல்லை.

"சகுனம் சரியில்ல. ஏழுமல, மாலய கழட்டு. இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பந்தலில் எல்லாருக்கும் தெரியும். நைனா ஒரு பெண்பிள்ளை முன்னால் கைகூப்பி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சித்தப்பா என்னை அடிக்கவே வந்துவிட்டார். சகுந்தலா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, அசையாமல் நின்றாள். அண்ணன்மேல் அத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலை மாலையில் கை வைத்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளை மாலையைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து பலகைகளை எடுத்து, குத்துவிளக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு சாணம் மெழுகிய வெறுந்தரையில், பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சாமிக்கு எதிர்ல குந்தறதுல இன்னா தப்பு, அத்த? பொண்ண குந்தச் சொல்லுங்க. நேரம் போவுது."

தாலி ஏறியது. மேளம் காதைக் கிழித்தது. சாயங்காலம் அத்தையே இரண்டு பலகையையும் மேல்மலையனூருக்குத் தூக்கிப் போய்விட்டார். கடைசிவரை என்னைத் திட்டிக்கொண்டே அவற்றுக்குப் பூ வைத்தார் என்று கேள்வி. அவருக்குப் பிறகு அந்த வீட்டை இடித்தபோது பலகைகளும் போய்விட்டன. ஏழுமலையோ நாற்பது வருஷத்துக்கும் மேலாக, என் வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருமுன்னும் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார். "மச்சான், அடியில யாராச்சும் கீறாங்களா?"

அவரும் போய், காரியம் முடிந்த சாயங்காலம். பந்துக்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் சகுந்தலாவும் மட்டும். உன் வாழ்க்கையையே கெடுக்கப் பார்த்தேனே அம்மா, அவர் அன்றைக்கு உட்காராமல் இருந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பலகய நா மொத நாளே பாத்துட்டேண்ணா. வேட்டிய அவுத்துப் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேற பலக எடுத்தாந்துடுவியே."

அவள் அடுத்த புடவையை எடுத்து உதறினாள்.

"டீச்சர் ட்ரெயினிங்குக்கு அப்ளிகேசன் பாரம் வாங்கி வச்சிருந்தேன். நைனா கிட்ட யாரு பேசறது? எப்படியும் கல்யாணம் நின்னுடும்னு இருந்தேன். அந்த மனுசன் பொசுக்குனு தரையில குந்திட்டாரு." கொஞ்ச நேரம் மடித்த புடவையையே மறுபடி மடித்தாள். "நல்ல மனுசன். அதான் ஒண்ணும் பண்ண முடியல."

பாரம் என்ன ஆனது என்று கேட்டேன். மறுவீடு வந்தபோது அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

பந்தலே என்னைத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரம், ஒருத்தி மட்டும் என்னை நம்பி நின்றிருக்கிறாள்.