அப்பா ‘போட்டு’ என்று அழைத்த பண்டு

எங்கள் அப்பா இறைவனில் இளைப்பாறத் தொடங்கி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இராயபுரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கண்ணை மூடியவர். அமெரிக்காவில் இருந்துவிட்ட மகன் நான் என்பதால் இந்த நினைவு மலரில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அக்காதான்.

கடலுக்குப் போன தாத்தா திரும்பாததால், வீட்டார் அப்பாவைக் கரை வேலைக்கே அனுப்பினார்கள். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியை அந்தப் பட்டறையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ‘பண்டு’தான். அதிலும், ஓய்வுபெற்ற பின் அதை வைத்து என்ன செய்ய ஆசையோ, அதையே அவரவர் பண்டுக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். ஒருவருக்கு ‘மாடி’, இன்னொருவருக்கு ‘வேளாங்கண்ணி’. அப்பாவுக்கு ‘போட்டு’. சொந்தமாக ஒரு படகு வாங்கி, ஒருமுறையாவது கடலுக்குப் போய்வர வேண்டும் என்று அவருக்குத் தீராத ஏக்கம்.

அக்கா கல்யாணத்துக்கு, என் இன்ஜினியரிங் படிப்புக்கு, பிறகு நான் விமானம் ஏற, ஒவ்வொரு முறையும் அதில்தான் கைவைத்தார். “போட்டுல இன்னொரு பலகையக் கயட்டிட்டேன்” என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. எனக்கு அப்போது வந்தது.

ஓய்வுபெறும்போது தந்த படிவத்தில், நிதியின் பெயர் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் ‘போட்டு’ என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.

“இன்னாண்ணே, போட்டுன்னு எழுதிக்கீறீங்க?” என்றாராம் குமாஸ்தா.

“அதான் அதும் பேரு” என்றாராம் அப்பா.

வேறு படிவம் வாங்கி எழுத வேண்டியதாயிற்று. மிச்சமிருந்தது அம்மாவின் கடைசி வைத்தியத்துக்குப் போனது. படகு வரவே இல்லை.

அதற்கடுத்த வருடம் போனில் சொன்னேன், இங்கே எனக்கும் பண்டு பிடிக்கிறார்கள் என்று.

“பேரு இன்னாபா?”

“நானூத்தி ஒண்ணு கே, நைனா.”

“அது இன்னா, கைதி நம்பர் மாரி கீது?”

வரிச் சட்டத்தில் ஒரு பிரிவின் எண் அது, இந்த ஊரில் அதையே பெயராகச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். சிங்கப்பூர்ச் சித்தப்பா தன் பண்டை ‘சேமநிதி’ என்பார். அதுகூட அப்பாவுக்குப் பிடித்திருந்தது. இது பிடிக்கவில்லை.

“நம்பர நெனச்சிகினு எப்டிபா காலம் பூரா வேல செய்வ? ஒரு பேரு வெய்யி” என்றார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும், சாப்பிட்டாயா என்று கேட்டவுடன் அடுத்த கேள்வி, “பேரு வெச்சிட்டியா?” கடைசியாகப் பேசிய ஞாயிறும் கேட்டார். “வெக்கிறேன் நைனா, இன்னா அவசரம்” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

சென்ற மாதம் கணினியில் அந்தக் கணக்கைத் திறந்தபோது, விரும்பிய பெயரை இட்டுக்கொள்ள ஒரு கட்டம் இருப்பதைக் கண்டேன். இத்தனை வருடமும் அது காலியாகவே இருந்திருக்கிறது. ‘போட்டு’ என்று எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அப்பாவைக் கடைசி நாட்களில் தாங்கிப் பிடித்த பட்டறைத் தோழர்கள், வீட்டுக்கு வந்து செபித்த பங்குமக்கள், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோவோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணன், நான் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் செய்த அக்கா, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஞாயிறு வந்தால் இப்போதும் கை போனைத் தேடுகிறது. எடுத்துக் கேட்க அங்கே ஆளில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நைனா, பேரு வெச்சிட்டேன்.